அருவிக்குப் போன நல்ல பெயர்

எய்யா,

நேற்று நீ போனை வைத்ததிலிருந்து நான் ஓர் இடத்தில் உட்காரவில்லை. பள்ளிக்கூட அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டேன். காலையில் அரிசியைக் களைந்து அடுப்புக்குக் கொண்டுபோனால், அங்கே ஏற்கெனவே ஒரு பானையில் அரிசி வெந்துகொண்டிருக்கிறது. நான்தான் வைத்திருக்கிறேன். இந்தத் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகும் இரண்டு முறை எழுந்து போய், கொடியில் துணி நனைகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். காலையிலிருந்தே சாரல். துணி நனையத்தான் செய்யும். அதைப் பார்க்க எதற்குப் போக வேண்டும்?

நீ சொன்னது வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. "எம்மா, நாளைலருந்து இந்த மாத்திரயப் போடப் போறதில்ல. மூணு வாரமாச்சு. இருந்த தூக்கமும் போச்சு. சனிக்கெழம வாரேன், பத்து நாள் லீவு. தெனமும் ஐந்தருவியில போயித் தலையக் குடுத்தாச் சரியாயிரும். ஒனக்கு அப்படித்தான சரியாச்சு?" இதற்கு நான் என்ன சொன்னேன்? "சரிய்யா, வா" என்றேன். உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார், அதனால்தான் சொல்லவில்லை என்று இரவு முழுக்க எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். அவர் பக்கத்தில் இல்லாத எத்தனையோ நாட்கள் இந்த ஒன்பது வருடத்தில் இருந்தன. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அதனால் முதலில் இதை எழுதிவிடுகிறேன். எழுதாமல் மற்றதை எழுதினால் கடைசியில் இதை விட்டுவிடுவேன் என்று என்னை எனக்குத் தெரியும். நான் அருவியில் குளித்துக் குணமாகவில்லை. இன்றைக்குக் காலையிலும் மாத்திரை போட்டேன்.

அந்த வருடம் உனக்குப் பதினாலு வயது. நாம் காவலர் குடியிருப்பில் இருந்தோம். எனக்கு என்ன வந்தது என்று எனக்கே பெயர் தெரியவில்லை. விடிவதற்கு வெகு முன்னால் விழிப்பு வந்துவிடும். பிறகு என்ன செய்தாலும் தூக்கம் கிடையாது. விழித்த நொடியிலேயே, ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டு மாட்டிக்கொண்ட மாதிரி நெஞ்சு கனக்கும். பகலில் உன் சட்டைக்குப் பித்தான் தைக்கக்கூடக் கை வராது. நானும் அப்பாவும் திருநெல்வேலிக்குப் போய் ஒரு பெண் டாக்டரைப் பார்த்தோம், உனக்குச் சொன்னது தைராய்டு என்று. அவர் இது மனச்சோர்வு நோய் என்றார். ஒரு மாத்திரை எழுதி, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

நான் காலையில் போடவில்லை. குடியிருப்பில் நம் வீட்டுக் காலை நேரம் உனக்கு நினைவிருக்கும். குழாயில் தண்ணீர் வருகிற நேரம், சீனி கேட்டு ஒருத்தி, இஸ்திரிப்பெட்டி கேட்டு ஒருத்தி என்று கதவு மூடவே மூடாது. ஒரு மாத்திரையை வாயில் போட்டால் நாலு பேர் "என்னத்துக்கு?" என்று கேட்பார்கள். இதற்கும் பைத்தியத்துக்கும் நம் ஊரில் ஒரே சொல்தான், கோட்டி. ஏட்டு வீட்டம்மாவுக்குக் கோட்டி பிடித்துவிட்டது என்று ஒரு வாய் சொன்னால் மறுநாள் தென்காசி முழுக்கத் தெரியும். அதனால் இரவில், நீங்கள் இருவரும் படுத்த பிறகு, விளக்கைப் போடாமல் விழுங்கினேன். எந்த நேரம் போட்டால் என்ன, உள்ளேதானே போகிறது என்று நினைத்தேன். கல்லூரியில் தாவரவியல் படித்தவள், இலை எப்போது மூடும் எப்போது விரியும் என்று பரீட்சை எழுதியவள், அப்படி நினைத்தேன்.

மாத்திரை போட்ட முதல் வாரத்திலிருந்தே, கொஞ்சம் இருந்த தூக்கமும் ஓடிப்போனது. கண்ணை மூடினால் உள்ளே யாரோ விளக்கைப் போட்டு வைத்தது போல் இருக்கும். கொஞ்சம் அயர்ந்தாலும் கனவு. சாதாரணக் கனவு இல்லை. நிறமும் வாசனையும் உள்ள கனவு, விழித்த பிறகும் அரைமணி நேரம் நிஜம் மாதிரி நிற்கும். காலையில் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கும், தலையணை வியர்வையில் நனைந்திருக்கும். நீ நேற்று சொன்ன அதே கதைதான். அதனால்தான் சொல்கிறேன், நீ சொல்வது பொய் இல்லை, சாக்கு இல்லை. இந்த மாத்திரைகளில் சில, ஆரம்பத்தில் தூக்கத்தைக் கெடுக்கத்தான் செய்கின்றன. "மனசை அலட்டிக்காம தூங்கு" என்று உன்னிடம் சொல்லப் போவதில்லை. அதை எனக்குச் சொன்னவர்களை எல்லாம் அடிக்க வேண்டும் போல் இருந்தது.

மூன்று வாரம் இப்படிப் போன பிறகு சாரல் காலம் தொடங்கியது. அப்பாவுக்கு ஐந்தருவியில் பந்தோபஸ்து. அச்சன்புதூரிலிருந்து உன் அத்தை ஒரு பாட்டில் நல்லெண்ணெயோடு வந்து இறங்கினாள். உன் அப்பாவின் அக்கா எதையும் பாதியில் விடுகிறவள் இல்லை. வெளியூர் பஸ்கள் வந்து சேர்வதற்கு முன்னால், கருக்கலில் அப்பா டூட்டிக்குப் போகும்போதே எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போவார். "ஏட்டி, தலையக் குடு. எம்புட்டுச் சூடு பாரு, தோச ஊத்தலாம்" என்று அத்தை எண்ணெயை வைத்து அரக்கித் தேய்ப்பாள். நான் தண்ணீருக்கு அடியில் போகப் பயந்து ஓரமாக நின்றால், பின்னாலிருந்து சத்தம் வரும். "உள்ள போட்டி! அருவி என்ன ஒம் மாமியாளா, இப்படிப் பயந்து சாகுத?" அவள் சொன்ன மாமியார் அவளைப் பெற்ற தாய்தான். பக்கத்தில் குளித்த பெண்கள் எல்லாம் சிரிப்பார்கள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நானும் சிரித்தேன்.

ஐந்தாறு நாள் போயிருக்கும். ஒரு நாள் குளித்து வந்து, சாப்பிட்டுப் படுத்தவள், நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து எழுப்பும் வரை தூங்கினேன். அன்று இரவும் தூங்கினேன். அதற்கடுத்த வாரம், வெகுநாளாகக் கசந்து கிடந்த காபி மறுபடி காபியாக ருசித்தது. அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "பாத்தியா! மாத்திரையாம் மண்ணாங்கட்டியாம். அந்தச் சவத்தத் தூக்கித் தூரப் போடு." நான் தூக்கிப் போட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, எய்யா. சந்தோசமாகத்தான் போட்டேன். எனக்குக் கோட்டி இல்லை, வெறும் சூடுதான் என்று அருவி வந்து சாட்சி சொன்ன மாதிரி இருந்தது.

மாத்திரையை நிறுத்திய இரண்டாம் நாளே தலை சுற்றியது. கண்ணை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் திருப்பினால் மண்டைக்குள் சின்னதாக ஷாக் அடிக்கும். கனவுகள் முன்னைவிட மோசமாக, அணை உடைந்த மாதிரி வந்தன. தலையில் நீர் கோத்திருக்கிறது என்று அத்தை நொச்சியிலை ஆவி பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். பத்துப் பன்னிரண்டு நாளில் அது அடங்கியது. பிறகு ஒரு மாதத்துக்கு மேல் நன்றாகவே இருந்தேன். அந்த நல்ல மாதம்தான் இந்தக் கதையில் மிகவும் மோசமான பகுதி. அந்த மாதத்தில்தான் அத்தை ஊர் முழுக்கச் சொன்னாள், அப்பா ஸ்டேஷன் முழுக்கச் சொன்னார், நான் தலையாட்டினேன்.

ஐப்பசி மழையில் நான் மறுபடி விழுந்தேன். நீ உன் நண்பர்களிடம் ஒரு கதை சொல்வாயே, நானும் சேர்ந்து சிரிப்பேனே, அந்தக் கதையை இப்போது சரியாகச் சொல்கிறேன். நீ பள்ளிக்கூடக் கோ-கோ அணியோடு கொல்லம் பக்கம் விளையாடப் போய் வந்தாய். ரயில் செங்கோட்டையோடு நின்றுவிடும், பெற்றவர்கள் வந்தால்தான் பிள்ளையை விடுவேன் என்று விளையாட்டு சார் சொல்லியிருந்தார். அப்பா வெளியூர் டூட்டி. நான் வர வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு நீயும் சாரும் மட்டும் மூன்று மணி நேரம் அந்தப் பிளாட்பாரத்தில் இருந்தீர்கள். சார் போனிலிருந்து திரும்பத் திரும்ப என்னைக் கூப்பிட்டாய். கடைசியில் அப்பாவின் சிநேகிதர் ஒருவர் பைக்கில் வந்து உன்னைக் கூட்டிவந்தார். "எங்கம்மா தூங்குனா இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டா" என்பது உன் கதையின் முடிவு. எய்யா, நான் தூங்கவில்லை. கட்டிலில் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தேன். போன் ஒரு முழம் தூரத்தில் இருந்தது. உன் சார் பெயர் வந்து வந்து அணைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கையைத் தூக்க முடியவில்லை. முந்தைய நாலு இரவுகள் நான் தூங்கியிருக்கவில்லை. நீ நனைந்துபோய் உள்ளே வந்து "எம்மா, நல்லாத் தூங்கிட்டியோ?" என்று கேட்டாய். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இதை எழுதிவிட்டு முற்றம் வரை நடந்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம், அலுவலக வேலை என்று அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டு, திருநெல்வேலி பஸ் ஏறினேன். டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பழைய சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, விரல் விட்டு வாரத்தை எண்ணினார். "ஏம்மா, அஞ்சு வாரம் போட்டிருக்கீங்க. அப்பத்தான் மாத்திர வேலையே செய்ய ஆரம்பிக்கும். சரியா அந்த நேரம் பாத்து அருவியில போயி நின்னுருக்கீங்க. நல்ல பேரெல்லாம் அருவிக்குப் போயிட்டு" என்றார். நான் இரவில் போட்டதைச் சொன்னதும், "காலைலன்னு எழுதியிருக்கேன்லா? ராத்திரி ஏன் போட்டீங்க?" நான் குழாயடியையும் இஸ்திரிப்பெட்டியையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "இத அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருந்தா ஒரு போன்ல தீந்திருக்கும்" என்றார்.

அன்றைக்கும் அதற்குப் பிறகும் அவர் எனக்குச் சொன்னதை உனக்குத் தெரிந்த மாதிரி சொல்லப் பார்க்கிறேன். இந்த நோயே முதலில் தூக்கத்தில்தான் கை வைக்கும். சிலரைப் பாதி இரவில் எழுப்பிவிடும், சிலரைப் பகலெல்லாம் தூங்க வைக்கும். மாத்திரைகளும் எல்லாம் ஒரே குணம் இல்லை. சிலது ஆளை விழிக்க வைக்கும், அதைப் பெரும்பாலும் காலையில் கொடுப்பார்கள். சிலது தூக்கத்தைக் கொண்டுவரும், அதை இரவில் கொடுப்பார்கள். அது மறுநாள் காலையில் தலையை ஈரச் சாக்கு மாதிரி கனக்க வைக்கும், பசியையும் கிளப்பும். ஒரே மாத்திரை என்னை விழிக்க வைத்து இன்னொருத்தியைத் தூங்க வைப்பதும் உண்டு. கனவு வருகிற தூக்கத்தை இவற்றில் பல அமுக்கி வைக்கும், அதனால் தூக்கத்தின் ஒழுங்கே மாறும். திடீரென்று நிறுத்தினால் அமுங்கிக் கிடந்ததெல்லாம் மொத்தமாகப் பாய்ந்து வரும். மனம் தெளிய வாரங்கள் ஆகும். ஆனால் தூக்கம் கெடுவதோ முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். கெடுதல் முதலில் வந்து நல்லது பிறகு வருவதால், நடுவில் நிற்கிறவனுக்கு மாத்திரைதான் எதிரி என்று தோன்றும். நீ இப்போது நிற்பது அந்த நடுவில்தான். உன் தூக்கத்தைக் கெடுப்பது நோயா, மாத்திரையா, போடுகிற நேரமா என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. நேரத்தை மாற்றலாம், அளவை மாற்றலாம், மாத்திரையையே மாற்றலாம், கொஞ்ச நாளைக்குத் துணைக்கு ஒன்று கொடுக்கலாம். ஆனால் அதில் ஒன்றைக்கூட நீயாகச் செய்யக் கூடாது, நான் சொன்னேன் என்றும் செய்யக் கூடாது. உன் டாக்டரிடம் கேட்டுச் செய்.

இன்னொன்று. இதைச் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். உன் வயதுக்காரர்களுக்கு ஆரம்ப வாரங்களில் சில சமயம் உள்ளே ஒரு பதற்றம் ஏறும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். காலை ஓர் இடத்தில் வைக்க முடியாது, உடம்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடலாம் போல இருக்கும். அப்படி உனக்கு இருக்கிறதா? உயிரோடு இருக்க வேண்டாம் என்ற நினைப்பு வருகிறதா? வந்தால் அதைச் சனிக்கிழமை வரை வைத்திருக்காதே. அந்த நிமிடமே உன் டாக்டரிடம் சொல். அவர் கிடைக்காவிட்டால் பக்கத்திலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. எனக்கும் சொல். கேட்டு நான் உடைந்துபோக மாட்டேன். கேட்காமல் இருந்தால்தான் உடைவேன்.

நான் மறுபடி தொடங்கினேன், இந்த முறை காலையில். கொஞ்ச வாரம் இரவுக்கு ஒரு சின்ன மாத்திரையும் சேர்த்துக் கொடுத்து, பிறகு அதை நிறுத்தினார். தூக்கம் எனக்கு ஒரே நாளில் வரவில்லை. ஒரு இரவு வரும், மூன்று இரவு வராது. நாலு வருடம் கழித்து டாக்டரே மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைத்துப் பார்த்தார். பழைய விழிப்பு எட்டிப் பார்த்தது, மறுபடி சின்ன அளவில் வைத்துவிட்டார். அப்படிக் குறைத்து முழுக்க விட்டவர்களும் நிறையப் பேர் உண்டாம். உனக்கும் அப்படி ஆகலாம். ஆகட்டும். விடுவது தப்பு இல்லை எய்யா, யாரிடமும் சொல்லாமல் விடுவதுதான் தப்பு.

எல்லாம் சரி, ஏன் மறைத்தாய் என்று கேட்பாய். தென்காசியில் வாங்கினால் தெரிந்துவிடும் என்று மாதம் ஒரு முறை செங்கோட்டைக்குப் போய் வாங்கினேன். வாங்கி வந்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டுச் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி வைத்தேன். கல்யாண வீடுகளில் உன் அத்தை என் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டி, "இவளப் பாருங்க, அருவித் தண்ணியில எந்திரிச்சவ" என்பாள். அவள் முகத்தில் அவ்வளவு பெருமை. அதை உடைக்க மனம் வரவில்லை என்று ஒரு காரணம் வைத்திருந்தேன். உண்மைக் காரணம், எனக்கு அந்தக் கதை பிடித்திருந்தது. அதில் நான் நோயாளி இல்லை. என் வெட்கத்துக்குப் போட்ட மூடி அது, அவ்வளவுதான். அந்த மூடியைப் பார்த்து நீ ஒரு நாள் உன் மாத்திரையை நிறுத்துவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இதுவரை எழுதியபோது அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார். நான் தாளை மறைக்கப் போனதைப் பார்த்துவிட்டு, "என்ன, எம் மேல பெட்டிசன் எழுதுதியா?" என்றார். தட்டில் சோற்றை வைத்தேன். வைத்துவிட்டுச் சொல்லிவிட்டேன், நின்றுகொண்டே, எல்லாவற்றையும். அவர் பிசைந்த கையோடு அப்படியே இருந்தார்.

"ஒம்பது வருசமா?"

"ஆமா."

"ஒம்பது வருசமா என்னயக் கோட்டிக்காரனாக்கிட்டியேட்டி." அந்தச் சொல்லை அவர் யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்து அவரே தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் வேறு குரலில் பேசினார். "பந்தோபஸ்துல நிக்கும்போது எத்தன பேர்ட்ட ஒங்கதயச் சொல்லிருக்கேன் தெரியுமா? மதுரைலருந்து ஒருத்தன் மகளக் கூட்டிக்கிட்டு வந்தான். மாத்திரயெல்லாம் வேண்டாம்யா, எம் பொண்டாட்டிக்கு இதுலதான் சரியாச்சு, பத்து நாள் இருந்து குளிப்பாட்டிட்டுப் போன்னேன். அந்தப் புள்ள என்ன ஆச்சோ."

நான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

பிறகு சட்டென்று நிமிர்ந்தார். "நம்ம பய இன்னைக்கு மாத்திர போட்டானா?"

"தெரியல."

"தெரியலயா? அதக் கேக்காம இங்கன ஒக்காந்து காயிதம் எழுதிக்கிட்டிருக்க? நீ எழுதி, அது போயிச் சேந்து, அவன் படிக்கதுக்குள்ள நிறுத்திருவாம்ட்டி. போன எடு."

எடுத்தேன். நீ மூன்றாவது மணியில் பேசினாய். பேசியது உனக்கே தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், பிற்பாடு நான் மாற்றிச் சொல்லிவிடக் கூடாது. "நான் இன்னும் மாத்திர போடுதேன்ய்யா. அருவியில ஒண்ணும் சரியாகல" என்றேன். உன் பக்கம் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. நீ கோபப்படுவாய், கத்துவாய் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். அப்பா சத்தமாக, "ஏலே, அவள ஏசாத" என்றார். நீ ஏசவில்லை. ஒன்றுதான் கேட்டாய்.

"காலைலயா போடுத, ராத்திரியா?"

"காலைல. சாப்பிட்ட ஒடனே."

"நான் ராத்திரி போடுதேம்மா. ரூம்ல பயலுவ எல்லாம் படுத்த பெறகு."

"டாக்டர் எப்பப் போடச் சொன்னாங்க?"

நீ பையைத் திறக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "காலைலதான். இன்னைக்குள்ளத இன்னும் பிரிக்கல. பையிலதான் இருக்கு. டாக்டருக்குப் போன் போட்டுட்டுப் பேசுதேன், வையி" என்றாய்.

வைத்துவிட்டேன்.